எண்ணெய் வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிள்: பட்டறையில் நான்கு ஞாயிறுகள்

சீட்டுக் கம்பியை உருவி எடுத்துவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கிச் சாய்த்தபோது, ஃப்ரேமுக்குள்ளிருந்து ஏறத்தாழ ஒரு டம்ளர் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. 2024 பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது. வெள்ளம் வடிந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. இத்தனை நாள் வெயிலில் நின்ற இரும்புக் குழாய்க்குள் தண்ணீர் எப்படி வற்றாமல் கிடந்தது என்று சுற்றி நின்ற பிள்ளைகள் கேட்டார்கள். கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் பேசினைக் காட்டினேன். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் விரிந்துகொண்டிருந்தது. குழாய்க்குள்ளும் அந்தப் படலம் மூடிபோல மேலே நின்றதால், அடியில் இருந்த நீர் ஆவியாக வழியில்லாமல் பெடல் அச்சு இருக்கும் பள்ளத்தில் தேங்கிவிட்டது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. வடசென்னையில் எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதி மக்களுக்கு வெள்ளத்தோடு இன்னொரு துன்பமும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்திலும் பரவிய எண்ணெய்க் கழிவு வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. தெருவில் நிறுத்தியிருந்த சைக்கிள்களும் தப்பவில்லை. எங்கள் பட்டறைக்கு அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. அவளுடைய அக்கா பதினோராம் வகுப்பில் படித்தபோது பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் அது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டும் அம்மா கொடுக்கவில்லை என்றும், சரிசெய்து விட்டால் பள்ளிக்குப் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னாள். பின் சக்கரம் சுற்றவில்லை. பெடல் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் பிடித்த இடத்திலேயே இறுகியிருந்தது.

எங்கள் பட்டறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் ஒரு பழைய வீட்டின் முன்பக்கத் தகரக் கொட்டகை அது. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடுவோம். நான் முப்பது ஆண்டுகள் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். என்னோடு இருக்கும் பெரியவர் தண்டையார்பேட்டையில் நாற்பது ஆண்டுகள் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், பிள்ளைகளுக்கு அவர் தாத்தா. வேண்டாம் என்று ஒதுக்கிய சைக்கிள்களை வாங்கிக்கொள்கிறோம். ஓடக்கூடியவற்றை ஓட வைக்கிறோம், முடியாதவற்றைப் பிரித்து உதிரிப் பாகங்களாக டப்பாக்களில் போடுகிறோம். சொந்த சைக்கிளோடு வருபவர்களுக்கு ஸ்பேனரும் இடமும் கற்றுத்தர ஆளும் உண்டு. ஆனால் யாருடைய சைக்கிளையும் நாங்கள் சரிசெய்து கொடுப்பதில்லை. அவரவர் கையால் அவரவரே செய்ய வேண்டும். இந்த ஒரு விதியில் அண்ணன் என்னைவிடக் கண்டிப்பானவர். பிள்ளை தடுமாறுகிறதே என்று நான் கை நீட்டினால், என் கையை மெதுவாக விலக்கிவிடுவார்.

முதலில் எதையும் கழற்றாமல் பார்க்க வேண்டும். ஃப்ரேம் வளைந்திருந்தால் மற்ற வேலை எல்லாம் வீண். அதற்கு எங்களிடம் இருக்கும் கருவி ஒரு சணல் கயிறு. பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் ஒரு பக்கத் தாடையில் கயிற்றைக் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கத் தாடைக்கு இழுத்துக் கட்டுவோம். சீட்டுக் குழாய்க்கும் கயிற்றுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் நேராக இருக்கிறது. சிறுமியே ஸ்கேலை வைத்து அளந்தாள். ஒரு பக்கம் 31 மில்லிமீட்டர், மறுபக்கம் 32. "ஒரு மில்லி வித்தியாசம் இருக்கு, பரவாயில்லையா தாத்தா?" என்று கேட்டாள். கயிற்றின் பருமனிலேயே அந்த வித்தியாசம் வந்துவிடும் என்றார் அண்ணன். ஃபோர்க்கின் தோள்பட்டையிலும் ஹேண்டில் குழாயின் அடியிலும் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தோம். வெடிப்பு இல்லை. வாசல் கரும்பலகையில் அந்தச் சைக்கிளுக்கு ஓர் எண் எழுதி, 'ஓடும்' என்ற வரிசையில் சேர்த்தோம்.

எண்ணெய் ஒரு பக்கம் காத்தது, ஒரு பக்கம் அழித்தது என்பது பிரிக்கத் தொடங்கியபோது தெரிந்தது. கடலோர ஊரில் சாதாரணமாக முதலில் துரு ஏறும் செயின், பிசுக்கு மூடியிருந்ததால் உள்ளே பளபளவென்று இருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசியதும் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக மடங்கியது. செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். தேய்ந்த செயின் நீளும். 12 அங்குலத்துக்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் அதை வைத்து ஓட்டுவது பற்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். இந்தச் செயின் அதில் பாதிகூட நீளவில்லை. ஆனால் ரப்பர் எல்லாம் போய்விட்டது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். டயரின் ஓரம் விரலால் கிள்ளினால் பிய்ந்தது, டியூப் நீளவாக்கில் கொழகொழத்திருந்தது, பிரேக் கட்டைகள் ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இவற்றைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று ஒரு பையன் கேட்டான். கூடாது. எண்ணெய் குடித்த பிரேக் கட்டை காய்ந்த பிறகும் வழுக்கும். பிரேக்கிலும் டயரிலும் சிக்கனம் பார்ப்பதில்லை என்பது எங்கள் பட்டறையில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். நன்கொடையாக வரும் பணம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கே போகிறது.

இரண்டாவது ஞாயிறு முழுவதும் காட்டர் பின்னோடு போனது. பெடல் பொருத்தப்பட்டிருக்கும் கிராங்கை அச்சோடு பிணைத்திருக்கும் ஆப்புதான் காட்டர் பின். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒரு பக்கம் சாய்வாக அராவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு அச்சில் வெட்டியிருக்கும் தட்டையான இடத்தில் போய் இறுகும். ஓர் ஆண்டு ஓட்டினாலே அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்தில் ஊறித் துருப்பிடித்தால், கழற்ற முடியாமல் கிராங்கையே அறுக்க வேண்டிய நிலை வந்துவிடும். முந்தைய வாரமே மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து பின்னைச் சுற்றி விட்டு, அந்தச் சிறுமியிடம் ஒரு சிறு சீசாவில் அதையே கொடுத்து, தினமும் மாலையில் நான்கு சொட்டு விடச் சொல்லியிருந்தோம். அவள் ஒரு நாளும் தவறவில்லை என்பது, பின்னின் ஓரத்தில் துரு கரைந்து காப்பி நிறத்தில் வழிந்திருந்ததில் தெரிந்தது.

அண்ணனின் முறை இது. நட்டை முழுவதும் கழற்றிவிடக் கூடாது. பின்னின் நுனியும் நட்டின் முகமும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்த வேண்டும். அடி விழும்போது மரையின் நுனி மழுங்காமல் நட்டு காப்பாற்றும். கிராங்குக்கு அடியில் ஒரு ஜி.ஐ. பைப்புத் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும், பின்னின் தலை அந்தக் குழாயின் வாய்க்குள் இறங்கும்படி. முட்டு இல்லாமல் அடித்தால், அடியின் வேகம் எல்லாம் அச்சின் வழியாகப் பால்ரஸ் குண்டுகளில் போய் இறங்கி, அவை உருளும் கிண்ணமான கப்பில் குழி விழும். அதன் பிறகு இரண்டு பவுண்டு சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். "ஒரே அடி. பயந்து பயந்து பத்து அடி அடிச்சா பின்னு மடங்கிடும், அப்புறம் டிரில்லுதான்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலைச் சிறுமியின் கையில் கொடுத்தார். எனக்கு மனம் பதறியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள், அவளோ சுத்தியலைக் காம்பின் நடுவில் பிடித்திருக்கிறாள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அவள் கையைக் காம்பின் நுனிக்கு நகர்த்தினார். வெறுங்காற்றில் நான்கு முறை வீசிப் பார்க்கச் சொன்னார். ஐந்தாவது முறை அடித்தாள். இடது பக்கப் பின் 'டங்' என்ற ஒலியோடு குழாய்க்குள் விழுந்தது.

வலது பக்கம் அப்படி வரவில்லை. முதல் அடியில் அசையவில்லை, இரண்டாவது அடியில் நட்டோடு சேர்ந்து நுனி காளான்போல் விரிந்துவிட்டது. இது அவள் தவறு அன்று. அந்தப் பின்னை முன்பு யாரோ பொருத்தமில்லாமல் அடித்து ஏற்றியிருந்தார்கள். நட்டை அறுத்தெடுத்து, பின்னின் மையத்தில் புள்ளி குத்தி, முதலில் மூன்று மில்லிமீட்டர் பிட்டாலும் பிறகு ஆறு மில்லிமீட்டர் பிட்டாலும் துளைத்து, பின்னின் எஞ்சிய பகுதியை ஒரு கம்பியால் தட்டி வெளியேற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. துளைத்தவள் அவள். டிரில் சாயாமல் இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்லும் வேலையை மட்டும் நான் செய்தேன்.

கிராங்க் கழன்றதும் பெடல் அச்சை எடுத்தோம். இங்கேதான் பலர் ஸ்பேனரை வைத்து அழுத்தி அழுத்தி மரையைக் கெடுக்கிறார்கள். வலப்பக்கக் கப்பின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதைக் கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். இடப்பக்கப் பெடலும் அப்படியே. மிதிக்கும்போது தானாகத் தளர்ந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இடப்பக்கக் கப்பைக் கழற்றியபோது குண்டுகள் சேற்றோடு ஒட்டிக் கொத்தாக வந்தன. ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11, இரண்டு பக்கமும் சேர்த்து 22. சிறுமி எண்ணியபோது 21 இருந்தன. ஒன்று தொலைந்துவிட்டதோ என்று தரையெல்லாம் தேடினாள். சேற்றைக் கரைத்துப் பார்த்ததில் அது இரண்டு துண்டாக உடைந்திருந்தது தெரிந்தது. பெடல் அரைச் சுற்றில் நின்றதற்கு அந்த உடைந்த குண்டுதான் காரணம். ஒரு சைக்கிளைக் காயலான் கடைக்கு அனுப்பப் போதுமான பழுது, கடுகைவிடச் சற்றுப் பெரிய ஓர் இரும்புச் சில்லு.

அச்சில் குண்டு ஓடும் தடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத குழி நகத்துக்குத் தட்டுப்படும். வலப்பக்கத் தடத்தில் இரண்டு இடத்தில் தட்டியது. அச்சையும் குண்டுகளையும் மாற்றினோம். கப்புகள் நன்றாக இருந்தன. கப்பின் உட்பக்கம் முழுவதும் கிரீஸைப் பூசி அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, அச்சை நுழைத்து, இடப்பக்கக் கப்பை அச்சில் ஆட்டம் இல்லாமலும் சுற்று கனக்காமலும் இருக்கும் ஒரே இடத்தில் நிறுத்தி, வளையத்தைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது கப்பும் கூடவே சிறிது திரும்பிவிடும். அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே சற்றுத் தளர்வாக வைக்கத் தெரிய வேண்டும். அவள் ஏழு முறை பூட்டி ஏழு முறை அவிழ்த்தாள். எட்டாவது முறை அச்சை விரலால் சுண்டியபோது சத்தமில்லாமல் சுற்றி நின்றது. அவளுக்கு நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

துருப்பிடித்த சிறு பாகங்களுக்கு எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டு, நட்டு, வாஷர், பெல் மூடி, கேரியர் கிளாம்பு போன்றவற்றை இரவு முழுவதும் ஊறவைத்தால் காலையில் துரு கறுப்புக் குழம்பாகக் கழன்றுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தாமதித்தால் சென்னைக் காற்றில் ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் துரு மறுபடி பூக்கும். இந்தக் கரைசலில் செயினையும் ஸ்பிரிங்கையும் பால்ரஸ் குண்டுகளையும் ஒருபோதும் போடக் கூடாது. இதை நான் ஒரு பையனின் முழங்காலை விலையாகக் கொடுத்துக் கற்றேன். தொடக்க நாட்களில் துருவேறிய செயின் ஒன்றை ஓர் இரவும் ஒரு பகலும் அமிலத்தில் போட்டுப் புதிதுபோல் ஆக்கிக் கொடுத்தேன். பத்து நாட்களுக்குப் பிறகு மேம்பாலம் ஏறும்போது அது தட்டு உடைந்து அறுந்து, பையன் விழுந்தான். கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் கிடக்கும்போது ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மையைப் பெற்றுவிடும். தொழிற்சாலையில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும் செயினைப் போட்டபோது நினைக்கவில்லை. அந்த அறுந்த செயினைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டுகிறேன்.

பழைய சைக்கிள்களை மீட்பது இன்னும் முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அவற்றின் அளவுகள் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதுதான். சென்னையிலேயே, முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் செய்தது. வடக்கே அட்லஸும் ஹீரோவும் இருந்தன. பெயர்ப் பலகை எதுவாக இருந்தாலும் கறுப்புப் பார் வண்டியின் முன் சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்தில் 40. அட்லஸ் தன் சாஹிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்திலேயே நிறுத்தியது. ஆனால் அட்லஸ் வண்டியோடு வந்த யாரையும் அச்சோ பின்னோ கிடைக்கவில்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. வேறு பெயரில் வரும் பாகம் அதில் உட்கார்ந்துவிடும். இதற்கு நேர்மாறு, அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வேன் பிடித்து அனுப்பும் கியர் சைக்கிள்கள். பார்க்கப் புதிது, டயர்கூடத் தேய்ந்திருக்காது. நடுவில் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டால் அதற்கு ஈடான ஸ்பிரிங் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. கியர் தாங்கும் கொக்கி ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு வடிவம். கொடுப்பவர்களின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்டு வாங்குவதும் நாங்கள்தான். இருந்தாலும் என் கையால் வேலை செய்து பார்த்த அளவில், இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் அறுபது வயது வண்டியை மீட்பது ஐந்து வயது கியர் சைக்கிளை மீட்பதைவிட எளிது. கியர் சைக்கிள் மூன்றைப் பிரித்தால் ஒன்று தேறும், மீதி ஹேண்டில் பார், சீட்டு, பெடல் என டப்பாக்களுக்குப் போகும்.

மூன்றாவது ஞாயிறு பஞ்சர் வகுப்பும் இருந்ததால் கூட்டம் அதிகம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நான்கு பேர், அடுக்குமாடியில் காவல் வேலை பார்க்கும் ஒருவர், மீதி பள்ளிப் பிள்ளைகள். பஞ்சர் ஒட்டுவதில் எல்லோரும் செய்யும் தவறு அவசரம். ஓட்டை இருக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். ஐந்து நிமிடமாவது ஆகும். ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைத்தால் அன்றைக்கு ஒட்டியதுபோல் இருக்கும், வெயிலில் நிறுத்தினால் பிரியும். அதைவிட முக்கியம், டியூபைத் திரும்பப் போடும் முன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது. முள் அங்கேயே இருந்தால் ஒட்டியது வீண். அந்த நான்கு பெண்களில் ஒருவர் ஓட்டுவதற்கே சமீபத்தில்தான் கற்றவர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஓட்டக் கத்துக்கிட்டா போதுமா, பஞ்சரானா யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டுவிட்டு, டயர் லிவரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கொட்டகை திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையின் மறுமூலையில் சிறுமி பின் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தாள். ரிம்முக்குள் தேங்கிய உப்புத்தண்ணீரில் ஒன்பது போக்ஸ் கம்பிகள், அவற்றை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்டான நிப்பிளுக்குப் பக்கத்தில் அரித்துப் போயிருந்தன. அவற்றை வெட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கோத்தாயிற்று. இனிக் கோட்டம் எடுக்க வேண்டும், அதாவது சக்கரத்தின் கோணலை நேராக்க வேண்டும். எங்களிடம் அதற்கான ஸ்டாண்டு இருக்கிறது, ஆனாலும் கற்பவர்களுக்கு அண்ணன் அதைத் தருவதில்லை. வீட்டில் ஸ்டாண்டு இருக்காது என்பது அவர் வாதம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஃப்ரேமின் கம்பியில் விரலை ஊன்றி, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு மிக அருகில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், ரிம் எந்த இடத்தில் அந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு வலப்பக்கம் விழுந்தால், அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பிகளை இறுக்கி வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. பிறகு கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும்.

இதில் பிள்ளைகள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நிப்பிளை டயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் வலச்சுற்று இறுக்கும். அதையே அச்சுப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடச்சுற்றுபோல் தெரியும். அவள் கீழ்ப்பாதியில் வேலை செய்யும்போதெல்லாம் திசை மாற்றித் திருப்பி, கோணலை இரட்டிப்பாக்கிவிட்டாள். ஒரு கட்டத்தில் ரிம் ஃப்ரேமின் கம்பியையே உரசியது. அவள் கண் கலங்கியதைக் கண்டு நான் எழுந்தேன். அண்ணன் தலையசைத்து என்னை உட்காரச் சொன்னார். அவளருகே குந்தி, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிக் காட்டினார். இறுக்கமானது 'ணிங்' என்றது, தளர்ந்தது 'தொப்'பென்றது. "கண்ணை மூடிக்கிட்டு மீட்டு. சத்தம் மாறுற எடம் எதுன்னு எனக்குச் சொல்லு" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று மீட்டினாள். ஐந்து கம்பிகள் அடுத்தடுத்து சுருதி இறங்கி இருந்தன. புதிதாகக் கோத்தவை. அவற்றை மற்றவற்றின் ஒலிக்குக் கொண்டுவந்ததுமே கோணலில் பாதி போய்விட்டது. அதன் பிறகு எந்தக் கம்பியைத் தொட வேண்டுமானாலும் சக்கரத்தைச் சுற்றி அதை மேலே கொண்டுவந்து, டயர் பக்கத்திலிருந்தே திருப்பினாள். பழைய நிப்பிள்களில் இரண்டு, கம்பியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டன. கம்பியை இடுக்கியால் பிடித்துக்கொண்டு நிப்பிளை மட்டும் திருப்பும் வித்தையை அண்ணன் ஒரு கம்பியில் காட்டினார், மற்றதை அவளே செய்தாள். பன்னிரண்டே முக்காலுக்குச் சாக்பீஸ் ரிம் முழுவதும் ஒரே மெல்லிய கோடாக உரசியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் செய்திருந்தால் இருபது நிமிடம். அப்படிச் செய்திருந்தால் அந்தத் தெருவில் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடியிருக்க மாட்டார்.

அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' என்ற அமைப்பு, பழைய சைக்கிள்களைத் திரட்டி நிகரகுவாவுக்கு அனுப்பத் தொடங்கியது. பிறகு, சைக்கிளைப் பிரித்துச் சேர்க்கக் கற்கும் இளையோர் அந்தச் சைக்கிளையே தமக்கென எடுத்துச்செல்லும் முறையையும் நடத்தியது. எங்கள் முறையும் ஏறத்தாழ அதுதான், ஒரு சேர்க்கையோடு: தன் சைக்கிளை முடித்தவர் பட்டறை சைக்கிள் ஒன்றில் ஒரு ஞாயிறாவது வேலை செய்ய வேண்டும். மீட்ட வண்டிகளைக் குறைந்த விலைக்கு விற்கலாமே, வாடகைக்காவது ஆகும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கொட்டகையின் மின்கட்டணம் கட்டும்போதெல்லாம் எனக்கும் அந்த எண்ணம் வருவதுண்டு. ஆனால் விற்கத் தொடங்கினால் சீக்கிரம் முடிப்பவரின் கைக்குத்தான் ஸ்பேனர் போகும், தடுமாறும் பிள்ளைக்குப் போகாது. அதனால் இதுவரை விற்கவில்லை.

நான்காவது ஞாயிறு சேர்க்கும் வேலை. புதிய காட்டர் பின் இரண்டையும் வைஸில் பிடித்து அராவினாள். இரண்டின் சாய்வும் ஒரே அளவில் இருக்க வேண்டும்; ஒன்று அதிகமாகத் தேய்ந்தால் இரண்டு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல், மிதிக்கும்போது ஒரு கால் நொண்டும். ஒரு பக்கப் பின் மேலிருந்து இறங்கினால் மறுபக்கப் பின் கீழிருந்து ஏற வேண்டும். ஸ்கேலை இரண்டு கிராங்கின் மேலும் ஒட்டவைத்துப் பார்த்து, வலப்பக்கத்தை மேலும் நான்கு இழுப்பு அராவிச் சரிசெய்தாள். புதிய டயர், டியூப், பிரேக் கட்டைகள் போட்டோம். பதினோரு மணிக்குத் தெருவில் ஒரு சுற்று ஓட்டி வந்தாள். பின் பிரேக் சற்றுக் கத்தியது, கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடும்படி வளைத்ததும் நின்றுவிட்டது. அவளுடைய அம்மா அன்று வந்திருந்தார். கேரியரில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "தண்ணிக் குடம் வெச்சா தாங்குமா சார்?" என்று கேட்டார். பிளாஸ்டிக் குடம் ஒன்று தாராளமாகத் தாங்கும் என்றேன்.

புதிதாக அடித்த காட்டர் பின் சில நாள் ஓடிய பிறகு உட்கார்ந்து தளரும், அப்போது ஒருமுறை தட்டி நட்டை இறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். மார்ச் மாத நடுவில் ஒரு ஞாயிறு, பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய தன் ஒரு நாள் வேலைக்காக வந்தவள், சைக்கிளை நிறுத்தியதும் நேராக அண்ணனிடம் போனாள். "வலது கால் கீழ போறப்ப மட்டும் ஒரு 'டக்' வருது தாத்தா. காதுக்குக் கேக்கல, கால்ல தெரியுது" என்றாள். அண்ணன் எழுந்துகொள்ளாமல் ஜி.ஐ. பைப்புத் துண்டு இருக்கும் மூலையைக் கையால் காட்டினார். முட்டுக் கொடுத்து, ஒரே அடி அடித்து, நட்டை இறுக்கி, பெடலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போய், பின் சக்கரம் நெளிந்து கிடந்த ஒரு பழைய பார் வண்டியின் எண்ணுக்கு நேராகத் தன் பெயரை எழுதினாள். அதில் 40 கம்பிகள், எட்டு அறுந்திருந்தன.